எட்டுத் திருகாணிகள்

என் முதுகின் வளைவை முதன்முதலில் அளந்தவர் எங்கள் தெருவில் தையல் மிஷின் வைத்திருந்த அக்கா. ஏழாம் வகுப்பு முடிந்து, சீருடை பாவாடை சட்டையிலிருந்து சுடிதாருக்கு மாறும் வருடம். இஞ்ச் டேப்பைத் தோளிலிருந்து இடுப்புக்கு இறக்கியவர், சந்தேகப்பட்டு மறுபடியும் அளந்தார். "மதினி, புள்ளைக்கு வலப்பக்கம் முக்கா இஞ்ச் கூட வருது. அதுக்குத் தக்கன வெட்டித் தச்சிர்றேன், வெளிய தெரியாது" என்று அம்மாவிடம் சொன்னார். வெளியே தெரியாது என்பது மட்டும்தான் அம்மாவின் காதில் விழுந்தது. அடுத்த நான்கு வருடம் என் உடைகள் எல்லாம் அப்படியே தைக்கப்பட்டன. அக்கா கெட்டிக்காரர். நான் வளைய வளைய அவர் வெட்டும் துணியும் வளைந்தது.

வயதுக்கு வந்தபோது பதிமூன்று. தாய்மாமன் சீர், பந்தல், மஞ்சள் தண்ணீர் எல்லாம் நடந்தது. அத்தைமார் சுற்றி நின்று தண்ணீர் ஊற்றினார்கள். என் முதுகை அவ்வளவு பேர் ஒன்றாகப் பார்த்தது அன்றுதான். ஒருவர் மட்டும், "என்னடி, ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு நிக்கிறே?" என்றார். போட்டோக்காரர் "தோளை நேரா வைம்மா" என்று மூன்று தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, கடைசியில் மாலையை இழுத்துவிட்டு மறைத்தார். அதற்குப் பிறகு அம்மா எனக்கு முதுகு தேய்த்துவிடவில்லை. பெரிய மனுஷி தானேதான் குளிக்க வேண்டும். துப்பட்டா போடாமல் வாசலுக்கு வரக் கூடாது.

காரணம் தெரியாமல் வரும் ஸ்கோலியோசிஸ் வேகம் பிடிப்பது இந்த வயதில்தான். உயரம் திடீரென்று கூடும் அந்த இரண்டு மூன்று வருடங்களில் முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவதோடு தன்னைத்தானே முறுக்கிக்கொள்ளவும் செய்கிறது. அந்த முறுக்கில்தான் ஒரு பக்கத்து விலா எலும்புகள் பின்னால் புடைக்கின்றன. சிறிய வளைவுகள் ஆண், பெண் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே அளவில் வருகின்றன. சிகிச்சை வேண்டியிருக்கும் அளவுக்கு வளர்பவை பெண் பிள்ளைகளிடம்தான் மிக அதிகம். சந்தேகம் வர எக்ஸ்ரேகூட வேண்டாம். முதுகு தெரியக் குனியச் சொல்லிப் பின்னால் நின்று பார்த்தால் ஒரு பக்கம் மேடாகத் தெரியும். பி.டி. பீரியடில் நாங்கள் வாரம் இரண்டு முறை குனிந்து கால்விரலைத் தொட்டோம். டீச்சர் எப்போதும் எங்களுக்கு முன்னால் நின்றார்கள். ஒரு பெண்ணின் உடம்பை ஊரே கவனிக்கத் தொடங்கும் வயதில், அவள் முதுகைப் பார்க்க ஆளில்லாமல் போகிறது.

வகுப்பில் எனக்குக் கூனி என்று பெயர். ராமாயணம் நடத்திய தமிழையா மந்தரையிடம் வந்தபோது எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். சிறுவயதில் ராமன் வில்லால் மண்ணுருண்டையை எய்து தன்னை அடித்ததை அவள் மறக்காமல் வைத்திருந்தாள் என்று கம்பர் சொல்கிறார். ஐயா அதை ஒரு குழந்தையின் குறும்பாகச் சொல்லிச் சிரித்தார். எனக்கு அன்றிலிருந்து மந்தரைமேல் கோபம் வந்ததே இல்லை.

பதினாறு வயதில் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. திருமங்கலத்தில் எடுத்த எக்ஸ்ரேயைக் கையில் பிடித்துக்கொண்டு சென்னைக்கு வந்தோம். டாக்டர் பென்சிலால் இரண்டு கோடு இழுத்துக் கோணத்தை அளந்தார். 104 டிகிரி. பத்து டிகிரியைத் தாண்டினாலே அதற்குப் பெயர் ஸ்கோலியோசிஸ். இவ்வளவு வளைந்த முதுகை ஒரே நாளில் மேஜைமேல் வைத்து நிமிர்த்தினால் தண்டுவடம் தாங்காமல் கால்கள் செயலிழக்கலாம், அதனால் முதலில் சில வாரங்கள் மெல்ல மெல்ல இழுக்க வேண்டும் என்றார். கூட வந்திருந்த பெரியப்பா கேட்ட முதல் கேள்வி: "கல்யாணம் கட்டிக் குடுக்கலாமா சார்? புள்ள பெத்துக்குவாளா?" பெத்துக்கலாம் என்றார் டாக்டர். அப்பாவின் முகம் தெளிந்தது. மூச்சைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஹேலோ என்பது தலையைச் சுற்றி நிற்கும் ஓர் உலோக வளையம். மயக்க மருந்து கொடுத்து, மண்டையோட்டின் வெளிப்பரப்பில் பதியும்படி திருகாணிகளால் அதைப் பொருத்துகிறார்கள். எனக்கு எட்டு. வளையத்திலிருந்து ஒரு கயிறு மேலே போய்க் கப்பியில் ஏறி மறுபக்கம் இறங்கும், அதில் எடைக்கற்கள். இரண்டு கிலோவில் ஆரம்பித்து, தினமும் கொஞ்சம் கூட்டுவார்கள். என் எடை 34 கிலோ. 14 கிலோ வரை போகலாம் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். படுக்கையில் தலைமாட்டை உயர்த்தி வைத்து, சக்கர நாற்காலியில், நிமிர்ந்து நடக்க உதவும் உயரமான வண்டியில் என்று எங்கே போனாலும் கற்கள் கூடவே வரும். "கிணத்துல வாளி தொங்குற மாதிரில்ல தொங்குது எம்புள்ள" என்று அம்மா முதல் நாள் முழுக்க அழுதாள்.

அதற்கும் முன்னால் அவள் அழுதது முடிக்காக. திருகாணி இறங்கும் இடங்களில் மட்டும் மழித்தால் போதும்தான். ஆனால் வாரக்கணக்கில் தலை குளிக்க முடியாது, நீளமுடி சிக்குப் பிடிக்கும், புண்ணில் படும் என்று சிஸ்டர் சொன்னதால் மொட்டை போட்டோம். அம்மா முடியை மஞ்சள் துணியில் முடிந்து வைத்தாள். ஊரில் கேட்டவர்களுக்குப் பழனி வேண்டுதல் என்று போனில் சொன்னாள். வலியைச் சொல்கிறேன்: முதல் இரண்டு நாள் தலை முழுக்க இடி. மென்றால் நெற்றி இழுக்கும். தும்மப் பயம். டம்ளர் வளையத்தில் இடித்துவிட்டால் சத்தம் காதுக்கு வராது, மண்டைக்குள்ளேயே மணி அடிக்கும். மறுநாள் திருகாணிகளை இன்னொரு முறை இறுக்கியபோது சத்தமில்லாமல் கண்ணீர் வந்தது. மூன்றாம் நாளுக்கு மேல் வலி அடங்கிவிட்டது என்பதை யாரிடம் சொன்னாலும் நம்புவதில்லை.

வளையத்தைத் தாண்டி எந்தத் துணியும் தலைவழியாக இறங்காது என்பதால் முன்பக்கம் பொத்தான் வைத்த நைட்டிதான். துப்பட்டா கயிற்றில் மாட்டிக்கொள்ளும் என்று சிஸ்டர் வாங்கி மடித்து வைத்துவிட்டார். நான்கு வருடத்தில் முதல் தடவையாக மேலே ஒன்றும் போர்த்தாமல், நிமிர்ந்து, சக்கர வண்டியில் வராந்தாவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தேன். யாரையோ பார்க்க வந்த ஒரு பையன், "அக்கா, ஒங்க தலையில எதுக்கு ஆன்டெனா?" என்றான். மாதவிலக்கு வந்த நாட்களைத்தான் சொல்லத் தெரியவில்லை. பதினாறு வயதில், எடை தொங்கிக்கொண்டிருக்க, இன்னொருவர் கை உள்ளே வந்து நாப்கின் மாற்றுவது. அம்மா கண்ணை மூடிக்கொண்டே மாற்றுவாள். கண்ணை மூடினால் ஒழுங்காக வைக்க முடியாது, அதனால் தினமும் படுக்கை கறையாகும்.

ஒவ்வொரு ஷிப்டிலும் ஒரு சிஸ்டர் வந்து ஒரே கேள்விகளைக் கேட்பார். விரலைப் பார், இந்தப் பக்கம், அந்தப் பக்கம். இரண்டாகத் தெரிகிறதா? நாக்கை நீட்டு. சிரி. கையை இறுக்கிப் பிடி. விரல் மரத்துப்போகிறதா? காலை அசை. அறுவை சிகிச்சையின்போது தண்டுவடத்தின் சமிக்ஞைகளைப் பார்க்க இயந்திரம் இருந்தது. கற்கள் தொங்கும் வாரங்களில் விழித்திருக்கும் நோயாளி சொல்வதும் இந்தச் சோதனைகளும்தான் காவல். உனக்கு என்ன செய்கிறது என்று அதற்கு முன்னால் என்னை யாரும் அத்தனை தடவை கேட்டதில்லை. பதில் சொல்லத் தெரியாமல் "ஒண்ணுமில்ல சிஸ்டர்" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

வார்டில் எனக்கு நல்ல பெயர். "அவளப் பாரு, ஒரு சத்தம் உண்டா" என்று எதிர்க்கட்டில் தர்மபுரிப் பெண்ணுக்கு என்னைக் காட்டுவார்கள். அவள் கை மதமதக்கிறது என்று சொல்லி இரண்டு கிலோ குறைத்தார்கள். அவளுடைய நாட்கள் தள்ளிப்போயின. அவள் அம்மா அவளை ஒரு வார்த்தை கேட்டுவிட்டார். எங்கள் அப்பாவோ வாடகைக் கடையைப் பூட்டிவிட்டு வந்து வார்டுக்கு வெளியே மரத்தடியில் படுத்திருந்தார். பன்னிரண்டு கிலோவில் இருந்தபோது ஒரு காலை இடப்பக்கம் திரும்பிப் பார்த்தால் இரண்டு அம்மா தெரிந்தார்கள். நேராகப் பார்த்தால் ஒருத்தி. நேராகவே பார்த்துக்கொண்டிருந்தேன். சிஸ்டர் விரலை நீட்டி "ரெண்டா தெரியுதா?" என்றபோது இல்லை என்றேன். மூன்று நாள்.

நான்காம் நாள் இரவு ஷிப்டுக்கு வந்தவர் கேள்வி கேட்கவில்லை. பேனாவைப் பிடித்து நகர்த்தி என் கண்ணையே பார்த்தார். இடது கண் வெளிப்பக்கம் போகவில்லை. கண்ணை அந்தப் பக்கம் திருப்பும் நரம்பு, மண்டைக்குள் நீண்ட வழி வருவது, இழுவையில் முதலில் பாதிக்கப்படுபவற்றில் ஒன்று. "எத்தனை நாளா?" என்றார். சொன்னேன். அவர் கோபத்தில் குரல் தாழ்ந்தது. "பொறுத்துக்கிட்டா இங்க யாரும் மெடல் தர மாட்டாங்க. உன் வாய்தான் எங்களுக்கு மிஷின். அதையே ஆஃப் பண்ணி வச்சா நாங்க என்னம்மா பண்றது?" டாக்டரை எழுப்பிக் கேட்டு அந்த நேரத்திலேயே கற்களைக் குறைத்தார். அம்மா கட்டிலுக்கடியில் பாயில் எழுந்து உட்கார்ந்து, "ஏன் தாயி சொல்லல?" என்றாள். என்னிடம் பதில் இருந்தது, அவளிடம் சொல்லக்கூடியதாக இல்லை. அடிவயிற்றில் வலி என்று நான் சுருண்ட மாதங்களில் எல்லாம், "பொம்பளப் புள்ள இதெல்லாம் வெளிய சொல்லப்படாது" என்றவளும் அவள்தான்.

கண் மெல்ல மெல்லத் திரும்பியது. ட்ராக்‌ஷன் இரண்டு வாரம் நீண்டு எட்டு வாரமானது. அப்பா ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. கடையை விற்றது அதற்குப் பிறகுதான். நான் தினமும் புகார் சொன்னேன். நெற்றித் திருகாணியில் நீர் கசிகிறது, இடது சுண்டுவிரல் ஊசி குத்துகிறது, பருப்பில் உப்பில்லை. மூன்று பந்து இருக்கும் பிளாஸ்டிக் கருவியில் மூச்சிழுத்தால் முதலில் ஒரு பந்துதான் எழும்பும். ஏழாவது வாரம் மூன்றும் எழும்பின. எதிர்க்கட்டில்காரி கை தட்டினாள். அறுவை சிகிச்சைக்கு முந்தைய எக்ஸ்ரேயில் கோணம் 78. கம்பியும் திருகுகளும் வைத்த பிறகு 49. நேராகவில்லை, நேராகும் என்று யாரும் சொல்லவும் இல்லை. ஆறு சென்டிமீட்டர் உயர்ந்திருந்தேன்.

இந்த வளையத்தைப் பற்றிக் கல்லூரி நூலகத்தில்தான் படித்தேன். கலிஃபோர்னியாவின் ராஞ்சோ லாஸ் அமிகோஸ் மருத்துவமனையில், போலியோவால் கழுத்துத் தசைகள் செயலிழந்து தலை நிற்காமல் போனவர்களுக்காக இதை உருவாக்கி 1959இல் எழுதியவர்கள் வெர்னான் நிக்கலும் ஜாக்குலின் பெர்ரியும். பெர்ரி ஒரு பெண். ராணுவத்தில் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்த்துவிட்டு, பிறகு மருத்துவம் படித்து எலும்பு அறுவை சிகிச்சைக்கு வந்தவர். அந்தத் துறையில் பெண்களை விரல்விட்டு எண்ணலாம் என்ற காலம். நிமிர முடியாதவர்களின் உடம்பைத் தன் கையால் தாங்கிப் பழகியவர் செய்தது என்று தெரிந்தபோது நெற்றியைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

தழும்புகள் புருவத்துக்கு மேலே இருக்கின்றன, பக்கத்துக்கு இரண்டு. பெண் பார்க்க வந்தவர்களிடம் அம்மா அம்மைத் தழும்பு என்று சொல்லிவந்தாள். எனக்கு இருபத்தாறு வயதாகும்போது அந்த வேலை அவளுக்கு இல்லாமல் போனது, அது வேறு கதை. போன வாரம் பியூட்டி பார்லரில் புதிதாக வந்திருந்த பெண் புருவம் எடுக்க உட்காரவைத்துவிட்டு, "அம்மையாக்கா?" என்றாள். "இல்லப்பா, திருகாணி போட்டிருந்தாங்க" என்றேன். அவள் சிரித்துவிட்டு, நான் சிரிக்காததைப் பார்த்துப் பயந்துபோனாள். நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு, "வலிச்சாச் சொல்லுங்க" என்றாள். முதல் இழுப்பிலேயே சொன்னேன்.