ஸ்பேனருக்குப் பிரியும் கார்

ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் கூரையை வெல்டிங் பிடித்திருக்கவில்லை. போல்ட்டுதான் பிடித்திருக்கிறது. கழற்றிவிட்டால் இரண்டு பேர் அதைத் தூக்கிக் களத்தில் இறக்கி வைத்துவிடலாம். முன்பக்கம் பானட்டும் இரண்டு மட்கார்டும் ஒரே துண்டாக, மூக்கில் கீல் வைத்து, முழுசாக முன்னால் சாய்கின்றன. கதவுக்குக் கீழே ஓடும் நீளத் தகட்டுக்கும் போல்ட்டுதான். ஆள் உட்காரும் பாடியே முன்பாதி, பின்பாதி என்று இரண்டாகப் பிரிந்து, அடியிலுள்ள தனிச் சேஸிலிருந்து எழுந்து வந்துவிடும்.

கருமத்தம்பட்டித் தோட்டத்துச் சாளையில் பல வருஷமாகத் துருவேறிக் கிடந்த எங்கள் ஹெரால்டைப் பிரிக்கப் பிரிக்க ஒரு கேள்வி பெரிதாகிக்கொண்டே போனது. அதே காலத்து அம்பாசடருக்கும் பியட்டுக்கும் பாடியே சேஸ், இப்படிப் பிரியாது. இந்த ஒரு வண்டியை மட்டும் ஏன் இப்படிக் கட்டினார்கள்?

வண்டி அப்பிச்சியுடையது. அறுபதுகளில் வந்த இரண்டு கதவு ஹெரால்டு. அவர் வாங்கும்போதே கை மாறிய வண்டி. சோமனூர்ச் சந்தைக்கும் ஒறம்பரை வீட்டு நோம்பிக்கும் போய் வந்தது. அவர் காலமான பிறகு சாளைக்குள் தள்ளி நிறுத்தினார்கள். எங்கள் பக்கம் மழை குறைவு. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்று எதையும் உலர்த்திவிடும். சென்னைக் கடற்கரை வண்டிகளைப் போல இது அழுகியிருக்கக் கூடாது. ஆனால் சாளையில் உர மூட்டை அடுக்கியிருந்தார்கள். பொட்டாஷ் என்பது பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு, அதாவது ஒரு வகை உப்பு. காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு இரும்பைத் தின்னும். மூட்டை சாய்ந்திருந்த பக்கம் தரைத்தகடே இல்லை. சேஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளும் விரலால் அழுத்தினால் உதிர்ந்தன. காற்று பட்ட மறுபக்கம் வயர் பிரஷ் போட்டதுமே நல்ல இரும்பு வந்துவிட்டது.

தேடலுக்கு முதல் துப்புக் கொடுத்தவர் சோமனூரில் தறி மெக்கானிக்காக இருந்த பெரியவர். என் ஸ்பேனர் செட்டைப் பார்த்துவிட்டு, "இது மில்லி கணக்குக்கு வராதுங் தம்பி. இஞ்சு செட்டு கொண்டாங்க. பன்னெண்டு போட்டா ஏறாது, பதிமூணு போட்டா முனை மழுங்கிப் போயிரும்" என்றார். அரை இஞ்சு என்பது 12.7 மில்லிமீட்டர். தறிக்காரர்கள் வைத்திருக்கும் பழைய விட்வொர்த் ஸ்பேனரும் இதற்குச் சேரவில்லை. இங்கிலீஷ் வண்டிக்கு ஏன் இங்கிலீஷ் விட்வொர்த் சேரவில்லை என்று தேடியபோதுதான் இரண்டாம் உலகப் போர் வந்து நின்றது. அமெரிக்காவில் செய்த போல்ட்டு பிரிட்டனில் செய்த நட்டில் ஏறாமல் போர்க்காலத்தில் பட்ட பாட்டுக்குப் பிறகு, 1948 நவம்பரில் வாஷிங்டனில் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் ஒரே மரை அளவுக்கு ஒப்புக்கொண்டன. எங்கள் சாளையில் நான் கழற்றிக்கொண்டிருந்தவை அந்த ஒப்பந்தத்து மரைகள்.

அடுத்து பிரிட்டனின் கவன்ட்ரி நகரம். அங்கே 1903-இல் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி, போர் முடியும் தறுவாயில் ட்ரையம்ப் கம்பெனியை வாங்கிக்கொண்டது. எஞ்சினும் சேஸும் தானே செய்யும். தகட்டுப் பாடியை வெளியே வாங்கும். அதன் சிறிய கார்களுக்குப் பாடி அடித்துத் தந்த கம்பெனி ஃபிஷர் அண்ட் லட்லோ. 1953-இல் அந்தப் பாடிக் கம்பெனியைப் போட்டியாளரான பி.எம்.சி. விலைக்கு வாங்கிவிட்டது. அடுத்த காருக்குப் பாடி கிடையாது என்றாகிவிட்டது. முழுப் பாடியையும் ஒரே துண்டாகச் செய்து தர வேறு பெரிய ஆள் அகப்படவில்லை. ஸ்டாண்டர்டின் எஞ்சினியர் ஹாரி வெப்ஸ்டர் அதற்குக் கண்ட வழிதான் எங்கள் களத்தில் கிடக்கும் துண்டுகள். பாடியைப் பல பாகமாகப் பிரித்து வெவ்வேறு பட்டறைகளில் அடித்து வாங்குவது. தனிச் சேஸ் ஒன்றின் மேல் போல்ட்டு போட்டுச் சேர்ப்பது. மற்றவர்களெல்லாம் தனிச் சேஸைக் கைவிட்டுக்கொண்டிருந்த காலத்தில் இவர்கள் அதற்குத் திரும்பினார்கள். திட்டத்தின் உட்பெயர் ஸோபோ: இமயமலைப் பக்கம் பொதி சுமக்கும், மாட்டுக்கும் யாக்குக்கும் பிறக்கும் விலங்கு. பாடிக்கு உருவம் கொடுத்தவர் இத்தாலியின் டூரின் நகரத்து ஜியோவானி மிச்சலோட்டி. 1959 ஏப்ரலில் ட்ரையம்ப் ஹெரால்டு வெளிவந்தது. இருபத்தைந்து அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். களத்தில் காரைத் திருப்பிய எவருக்கும் அதன் அருமை தெரியும்.

துண்டாகக் கட்டிய காருக்கு இன்னொரு நன்மை இருந்தது. பாகங்களாகப் பெட்டியில் அடைத்துக் கப்பலேற்றினால், பெரிய அச்சு இயந்திரங்கள் இல்லாத ஊரிலும் பூட்டிவிடலாம். சுதந்திரத்தை ஒட்டிய வருஷங்களில் தொடங்கிய மெட்ராஸின் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸுக்கு அது வாகாக அமைந்தது. படிப்படியாக உள்நாட்டிலேயே உற்பத்தி செய்யத் திட்டம் இல்லாத கம்பெனிகள் வெளியேறலாம் என்று 1953-இல் மத்திய அரசு சொன்னபோது ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கிளம்பிவிட்டன. கார் செய்ய மிஞ்சியவை கல்கத்தாவின் இந்துஸ்தான், பம்பாயின் பிரீமியர், மெட்ராஸின் ஸ்டாண்டர்டு ஆகிய மூன்றே. 1961-இல் மெட்ராஸ் ஹெரால்டு வந்தது. லூகாஸ் டி.வி.எஸ், பிரேக்ஸ் இந்தியா என்று மெட்ராஸின் பாடி என்னும் பகுதியில் அந்த வருஷங்களில்தான் கம்பெனிகள் முளைத்தன. தமிழ்நாட்டின் வாகன உதிரிபாகத் தொழில் தொடங்கிய கதையில் இந்தச் சின்னக் காருக்குரிய இடத்தை நாம் இன்னும் சரியாகக் கொடுக்கவில்லை என்பது என் எண்ணம்.

பிரிட்டனில் ஹெரால்டின் எஞ்சின் 1147 சி.சி., பிறகு 1296 சி.சி. என்று வளர்ந்தது. மெட்ராஸில் கடைசிவரை 948 சி.சி.தான். ஆனால் பிரிட்டன் செய்யாத ஒன்றை மெட்ராஸ் செய்தது: அறுபதுகளின் கடைசியில் ஹெரால்டுக்கு நான்கு கதவு வைத்தது. குடும்பத்தோடு போகிற நாட்டில் பின்சீட்டுக்காரர் முன்சீட்டை மடக்கி ஏறுவது நடக்காது. பாடியும் சேஸும் தனித்தனியாக இருக்கும் காரில் கதவைக் கூட்டுவது மற்ற கார்களைவிடச் சுலபம்.

தேடலில் தெரிந்துகொண்ட ஒன்று எங்கள் வண்டியை ஒரு விபத்திலிருந்து காப்பாற்றியது என்றே சொல்வேன். ஹெரால்டின் முன்சக்கரம் திரும்புவது ட்ரனியன் என்னும் பித்தளை வார்ப்புக்குள். செங்குத்தான இரும்புக் கட்டையின் மரை அந்த வார்ப்புக்குள் முறுக்கித் திரும்பும். வண்டிக் கையேடு அதற்கு கியர் ஆயில் ஊற்றச் சொல்கிறது. நம் ஊர்ப் பட்டறைகளில் நிப்பிளைக் கண்டால் கிரீஸ் அடிப்பார்கள். கிரீஸ் மரையின் அடிவரை இறங்காது. தண்ணீர் தேங்கும், உள்ளே துருவேறும், ஒருநாள் திரும்பும்போது கட்டை முறிந்து சக்கரம் மடிந்துவிடும். எங்களுடையதைத் திறந்தபோது கல்லாகிப்போன கிரீஸும், பாதி தின்னப்பட்ட மரையும் இருந்தன. கோவை ஆவாரம்பாளையத்து லேத் பட்டறை ஒன்றில் ட்ரனியன்களைக் கன்மெட்டலில் புதிதாகக் கடைந்து தந்தார்கள். ஒரு பக்கம் வலது மரை, மறுபக்கம் இடது மரை. பழசை மேசைமேல் வைத்துப் பார்த்த லேத்துக்காரர், "அளவு இருக்குதுங்ணா, வேறென்ன வேணும்?" என்றார். பம்ப்புக்கும் மோட்டாருக்கும் மில்லுக்கும் கடைந்து பழகிய ஊர் இது. உதிரிபாகம் கிடைக்காத வண்டியைக் கோவையில் துணிந்து பிரிக்கலாம்.

எஞ்சினில் சிலிண்டரைப் போர் பண்ணி, பிஸ்டன், ரிங் மாற்றினோம். எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் இடத்தில் கடினமான ஸ்டீல் வளையம் இறக்கினோம். ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்த எஞ்சின் இது. ஈயம் அந்த இடத்துக்குப் பூச்சுப் போல் காவல் இருந்தது. 2000-இல் நாடு முழுக்க ஈயமில்லாப் பெட்ரோல் வந்ததிலிருந்து அந்தக் காவல் இல்லை. இப்போது 20 சதவீதம் எத்தனால் வேறு. பழைய ரப்பர் குழாய்களும் பெட்ரோல் பம்ப்பின் டயஃப்ரமும் அதில் ஊறி உப்பிவிடும் என்பதால் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ரப்பராக மாற்றினேன்.

சென்னை போனபோது பெருங்களத்தூர், வண்டலூர்ப் பக்கம் ஜி.எஸ்.டி. சாலையோரம் ஸ்டாண்டர்டு தொழிற்சாலை இருந்த இடத்தைப் பார்க்கப் போனேன். இரு பக்கமும் புதிய கட்டடங்கள். 1985-இல் வந்த ஸ்டாண்டர்டு 2000, பிரிட்டிஷ் ரோவர் எஸ்.டி.1-இன் பாடிக்குள் ஸ்டாண்டர்டின் பழைய வான்கார்டு கார் காலத்து எஞ்சினோடு வந்தது; விலைக்கேற்ற ஓட்டம் இல்லை. விற்பனை சரிந்து, வேலைநிறுத்தமும் சேர்ந்து, 1988-இல் உற்பத்தி நின்றது. 2006-இல் கடைசி ஏலம். மிஞ்சிய எஸ்.டி.1 பாகங்களைப் பிரிட்டிஷ் உதிரிபாக வியாபாரிகள் வாங்கிக் கப்பலேற்றிவிட்டார்கள். அந்தத் தொழிற்சாலையின் வரைபடங்களையும் அச்சுகளையும் ஒரு பொதுக் காப்பகம் வாங்கி வைத்திருக்க வேண்டும். அவிநாசி சாலையில் 2015-இல் ஜி.டி. கார் அருங்காட்சியகம் திறந்தது. கார்களைச் சேர்த்து வைக்க இங்கே ஆட்கள் இருக்கிறார்கள். கார் செய்த முறையைச் சேர்த்து வைக்கவும் யாராவது முன்வர வேண்டும்.

இன்னும் முடியாத விவாதம் பின் அச்சு பற்றியது. ஹெரால்டில் டிஃபரன்ஷியலிலிருந்து இரண்டு அரை அச்சுகள் தனித்தனியாக ஊசலாடும். மேலே குறுக்காக ஒரே ஸ்பிரிங் பட்டைக் கட்டு. சுமை ஏறினால் சக்கரங்களின் தலை உள்பக்கம் சாயும். வேகமாக வளைவில் திரும்பினால் வெளிச்சக்கரம் அடியில் மடங்கப் பார்க்கும். இந்திய ஓட்டுநர்களுக்கு இது பிடிக்கவில்லை, பராமரிப்பும் அதிகம். 1972-இல் வந்த ஸ்டாண்டர்டு கெஸல், அதே 948 சி.சி. எஞ்சினோடு, நேரான முழு அச்சுக்கு மாறியது. "கெஸல் அச்சு ஒண்ணு தேடிப் போட்றலாமுங்க, தொல்லையே இல்லை" என்கிறார் எங்கள் மெக்கானிக். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்குச் சேஸில் புதிய பிடிகளை வெல்டிங் வைக்க வேண்டும். ஐம்பது வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு 2021-இல் வந்த வின்டேஜ் பதிவு விதி, சேஸை மாற்றிய வண்டியை ஏற்காது. அந்தப் பதிவு எனக்கு வேண்டாம். கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும்தான் வண்டியை எடுக்க விடுவார்கள், எனக்கோ சோமனூருக்கு ஓட்டிப் போக வேண்டும். இருந்தாலும் வெல்டிங் வேண்டாம் என்பதுதான் என் முடிவு. போல்ட்டில் கட்டிய வண்டியை அடுத்து எடுக்கிறவரும் ஸ்பேனராலேயே பிரிக்க வேண்டும். ஸ்பிரிங் பட்டைகளைச் சூடேற்றி வளைவு திருத்த அவிநாசிப் பக்கம் லாரிப் பட்டறை ஒன்றில் கொடுத்திருக்கிறேன். வந்ததும் பூட்டி, பின்சீட்டில் இரண்டு பேரை உட்காரவைத்து, சக்கரம் எவ்வளவு சாய்கிறது என்று அளந்து பார்க்க வேண்டும்.