புள்ளித் துண்டு

பெரியவரின் தோளில் சிவப்பும் வெள்ளையுமாய்ப் புள்ளி போட்ட துண்டு ஒன்று கிடந்தது. எழுபது வயதைத் தாண்டியிருப்பார். பக்கத்தில் மகள், நாற்பதுகளில். எனக்கு ஒரு வரிசை கீழே, இரண்டு இருக்கை தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். பேசிப் பழகும் தூரம்தான். நான் பேசவில்லை.

2025 ஏப்ரல் 5, சனிக்கிழமை. சான் அன்டோனியோ நகரின் அலமோடோம் அரங்கில், படியேறிப் படியேறி மூச்சு வாங்கிய பிறகு கிடைக்கும் மேல்தட்டு. அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் கடைசி நான்கு அணிகள் அன்று மோதுகின்றன. ஃபைனல் ஃபோர் என்று ஒற்றைப் பெயரில் சொல்லிவிடுவார்கள். அமெரிக்கக் கால்பந்துக்குத் தோதாகக் கட்டிய அந்தப் பிரம்மாண்டத்தின் நடுவில் மேடை போட்டு ஆடுகளத்தை ஏற்றி வைத்திருந்தார்கள். மேலிருந்து பார்த்தால் கேரம் பலகை அளவுதான். கூடைப்பந்துக்கென்றே கட்டிய அரங்கில் இந்த ஆட்டங்கள் கடைசியாக நடந்தது 1996-இல், நியூ ஜெர்சியில். அதற்குப் பிறகு பல பத்தாயிரம் பேரை அடைக்கக்கூடிய இடங்கள்தான். அடைத்துவிடுகிறார்கள். பாதிப் பேர் ஆயிரம் மைல் பயணம் செய்து வந்து, தொங்கும் திரையில் டிவி பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

பெரியவர் திரையைப் பார்க்கவில்லை. பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை.

துண்டின் கதை ஹியூஸ்டன்காரர்களுக்குத் தெரியும். கை லூயிஸ் என்று ஒரு கோச். 1956 முதல் 1986 வரை, முப்பது ஆண்டுகள் ஹியூஸ்டன் பல்கலைக்கழக அணியை நடத்தியவர். ஆட்டம் முழுக்க இப்படியொரு புள்ளித் துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டும் பல்லில் கடித்துக்கொண்டும் இருப்பார். நைஜீரியாவிலிருந்து வந்த ஹக்கீம் ஒலாஜுவானையும், கிளைட் டிரெக்ஸ்லரையும் ஆட வைத்தவர். 1982, 83, 84 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் அணியைக் கடைசி நான்குக்குள் கொண்டுவந்தவர். ஒருமுறைகூடக் கோப்பை இல்லை. அவர் 2015-இல் இறந்துபோனார். துண்டு மட்டும் தோள் மாறிக்கொண்டிருக்கிறது.

முதல் ஆட்டம் ஃபுளோரிடாவும் ஆபர்னும். இரண்டு கல்லூரிக்கும் ஆரஞ்சும் நீலமும்தான் நிறம். எதிர்ப்புறக் கூட்டத்தில் யார் எவர் என்று பிரித்தறிய, ஃபுளோரிடாக்காரர்கள் இரண்டு கைகளையும் நீட்டி முதலை வாய்போலத் திறந்து மூடும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பெரியவர் அந்த ஆட்டத்தைப் பரிசோதகர்போலப் பார்த்தார். ஃபுளோரிடாவின் வால்டர் கிளேட்டன் 34 புள்ளிகள் அடித்தபோது மகளிடம் திரும்பி, “இவனை நாம் பார்த்துக்கொள்ளலாம்” என்றார். தங்கள் அணி இன்னும் களமிறங்கவே இல்லை. எதிரில் டியூக். முந்தின வருடம் டாலஸில் மூன்றே புள்ளி வித்தியாசத்தில் ஹியூஸ்டனை வெளியே அனுப்பிய அதே டியூக்.

இடைவேளையில் மகள் பக்கத்து இருக்கைத் தம்பதியிடம் பயணக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர்கள் டியூக் நீலத்தில் இருந்தார்கள். ஆனாலும் கதை கேட்டார்கள். இந்த ரசிகர்களின் பாடு வேடிக்கையானது. 68 அணிகளில் யார் எந்த ஊரில் ஆடுவார்கள் என்பதே ஒரு ஞாயிறு மாலைதான் தெரியும். அந்த வாரமே ஆட்டம். ஜெயித்தால் அடுத்த வாரம் வேறு ஊர். தோற்றால் வீடு. ரத்து செய்யக்கூடிய அறையாகப் பார்த்துப் பார்த்துப் பதிவு செய்ய வேண்டும். விசிட்டாவில் நடந்த முதல் வார ஆட்டங்களை அப்பாவும் மகளும் டிவியில் பார்த்திருக்கிறார்கள். இண்டியானாபொலிஸுக்கு விமானம் ஏறியிருக்கிறார்கள். எதிரணியான பர்டியூ பல்கலைக்கழகத்துக்கு அது ஒரு மணி நேர ஓட்டம். அரங்கு முழுக்க அவர்கள் ஆட்கள். ஒரு விநாடிகூட மிச்சமில்லாத நேரத்தில் கூடையில் பந்து விழுந்து 62-60 என்று ஹியூஸ்டன் ஜெயித்தபோது, சுற்றிலும் ஒரு ஊரே வாயடைத்து நின்றதை மகள் கண்ணை விரித்து விவரித்தாள். “2023-இல் ஃபைனல் ஃபோரே எங்கள் ஊரில்தான் நடந்தது. எங்கள் அணிதான் அதற்கு வந்து சேரவில்லை” என்றாள். டியூக் அம்மாள் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு பத்தரை மணிக்குள் போய்விட்டது. 14 புள்ளி முன்னிலையில் இருந்த டியூக், 35 விநாடி மிச்சமிருக்கும்போது 67-61. நீலச் சட்டைகள் எழுந்து நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தன. பெரியவர் பைனாகுலரோடு உட்கார்ந்தே இருந்தார். மூன்று புள்ளி ஒன்று. பந்தை உள்ளே வீசும்போது ஒரு பறிப்பு. தவறிய எறிதலைப் பிடித்து ஒரு திணிப்பு. டியூக்கின் ஃப்ரீ த்ரோ தவறியது, மேலே விழுந்ததாக ஒரு ஃபவுல். ஹியூஸ்டன் ஒன்பது புள்ளிகள் அடித்தது. டியூக் ஒன்றுகூட இல்லை. 70-67. மகள் நாற்காலியின் மேலேயே ஏறிவிட்டாள். மோதிர விரலை மடக்கி, மற்ற விரல்களை விரித்து அணியின் பாதச் சின்னத்தைக் காட்டினாள். 1953-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தோடு ஆடப் போனபோது, அணியின் கூகர் பூனைக்குக் கூண்டுக் கதவில் பாதம் மாட்டி விரல் போயிற்றாம். எதிரிகள் விரலை மடக்கிக் கேலி செய்தார்களாம். அந்தக் கேலியையே இவர்கள் தங்கள் சின்னமாக்கிக்கொண்டார்கள்.

பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவ்வளவுதான்.

ஞாயிறு ஆட்டம் கிடையாது. நதிக்கரை நடைபாதையில் சிவப்புச் சட்டைகளும் ஃபுளோரிடா நீலமும் சாப்பாட்டுக்கு இடம் தேடின. தோற்ற ஊர்க்காரர்கள் பெட்டியை உருட்டிக்கொண்டு, இன்னொரு கையில் போனில் திங்கட்கிழமை டிக்கெட்டை விற்றுக்கொண்டிருந்தார்கள். அரையிறுதிக்கும் இறுதிக்கும் சேர்த்தே டிக்கெட் வாங்கிவைப்பது வழக்கம். ஜெயிப்போம் என்று முன்பணம் கட்டுவதுதான் அது.

திங்கட்கிழமை டியூக் தம்பதியின் இருக்கை ஒன்றில் ஃபுளோரிடா இளைஞன் ஒருவன் வந்து உட்கார்ந்தான். கெயின்ஸ்வில்லிலிருந்து ஆயிரம் மைல் காரில். லேக் சிட்டியில் ஐ-10 நெடுஞ்சாலையைப் பிடித்தால் நேரே சான் அன்டோனியோதான். அப்படியானால் ஹியூஸ்டனுக்கு உள்ளேயே புகுந்து வந்திருக்கிறான். பெரியவருக்கு அது என்னவோ பிடித்துப்போயிற்று. பைனாகுலரை இறக்கிவிட்டு முதல்முறையாக அந்நியனிடம் பேசினார்.

பேச்சு 1983-க்குத்தான் போனது. வேறு எங்கே போகும்? ஆல்புகர்க்கி, ஏப்ரல் 4. தொடர்ந்து 26 ஆட்டம் ஜெயித்து வந்த ஹியூஸ்டன். எதிரில் அந்தப் பருவத்தில் பத்து முறை தோற்றிருந்த வட கரோலினா ஸ்டேட். பந்தை எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம் என்று அந்தத் தொடரில் அப்போது கெடு கிடையாது. இரண்டாம் பாதியில் முன்னிலை கிடைத்ததும் லூயிஸ் ஆட்டத்தை மெதுவாக்கினார். பறந்து பறந்து ஆடிய பிள்ளைகளை நடக்கச் சொன்னார். 19 ஃப்ரீ த்ரோவில் 10 மட்டுமே விழுந்தன. 52-52. கடைசி விநாடிகளில் ஸ்டேட்டின் விட்டன்பர்க் தூரத்திலிருந்து எறிந்தது கூடைக்கு எட்டவே இல்லை. எட்டாத பந்தைக் காற்றிலேயே பிடித்து லோரன்ஸோ சார்ல்ஸ் உள்ளே திணித்தான். 54-52. பெரியவர் அந்தக் கூடைக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருந்தாராம். இருக்கலாம். நாற்பது வருடத்துக்கு முந்தைய ஆட்டங்களில் யாருமே மேல் வரிசையில் உட்கார்ந்ததாக நான் கேட்டதில்லை.

“மெதுவாக்கக் கூடாது” என்று முடித்துக்கொண்டு பைனாகுலரை எடுத்தார்.

கிளேட்டனை நிஜமாகவே பார்த்துக்கொண்டார்கள். முதல் பாதியில் அவனுக்கு ஒரு புள்ளி இல்லை. இரண்டாம் பாதி தொடங்கியதும் ஹியூஸ்டன் 12 புள்ளி முன்னால். இளைஞன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். பிறகு சிறுகச் சிறுகக் கரைந்தது. ஆட்டம் முழுக்கச் சேர்த்தும் ஃபுளோரிடா முன்னிலையில் இருந்தது ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல்தான். அதில் பெரும்பகுதி கடைசி நிமிடத்தில் வந்துவிட்டது.

65-63. பந்து ஹியூஸ்டன் கையில். இமானுவேல் ஷார்ப் மூன்று புள்ளிக்காக எழும்பினான். எழும்பிய பிறகுதான் கிளேட்டன் பாய்ந்து வருவதைப் பார்த்தான். எறிந்தால் தடுக்கப்படும், பந்தோடு தரை இறங்கினால் விதிமீறல் என்று பந்து பறிபோகும். பந்தைக் கீழே விட்டான். விட்ட பந்தை அவனே முதலில் தொடக் கூடாது. தன் கையிலிருந்து விழுந்த பந்து தன் எதிரே துள்ளுவதைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஃபுளோரிடாவின் காண்டன் அதன் மேல் விழுந்தான். நேரம் முடிந்தது.

சிவப்புச் சட்டைகள் படிகளில் இறங்கத் தொடங்கின. மகள் பையை எடுத்துக்கொண்டு நின்றாள். பெரியவர் எழுந்திருக்கவில்லை. ஏணி வந்தது, காகிதத் துண்டுகள் பறந்தன, வலையைக் கத்தரித்தார்கள். பைனாகுலரில் அவர் அதையும் பார்த்தார். இளைஞன் யார் யாரையோ கட்டிப்பிடித்துவிட்டு, குரல் கட்டிப்போய், கண் சிவந்து திரும்பி வந்தான். பெரியவரைப் பார்த்ததும் என்ன சொல்வதென்று தெரியாமல் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டான்.

“எப்போது கிளம்புகிறாய், தம்பி?”

“விடியற்காலை ஐந்து மணிக்கு, சார்.”

“கிளம்பாதே. சரியாக எட்டு மணிக்கு ஹியூஸ்டன் வாசலில், கேட்டியில் மாட்டுவாய். சாலை எவ்வளவு அகலம் தெரியுமா? அப்படியும் நகராது. ஒன்பதுக்குக் கிளம்பு.”

“அவனிடம் மேப் இருக்கிறது, அப்பா” என்றாள் மகள்.

“மேப்புக்கு என்ன தெரியும்? லூலிங்கில் பக்கீஸ் கடை வரும், அங்கே நிறுத்து.”

“வரும்போதே நிறுத்தினேன், சார்.”

“பிரிஸ்கட் சாப்பிட்டாயா?”

“இல்லை. பெட்ரோல் மட்டும்தான்.”

“அப்படியானால் நிறுத்தினேன் என்று சொல்லாதே” என்றார் பெரியவர்.