மரைத் தடம்

ஓட்டன் சமவெளிக்குச் செல்வோரிற் பெரும்பாலோர் உலக முடிவையும் பேக்கர் நீர்வீழ்ச்சியையும் கண்டு, நண்பகலுக்கு முன்னரே திரும்பிவிடுகின்றனர். கிரிகல்பொத்த மலையை நாடுவோர் சிலரே. 2395 மீற்றர் உயரமுடைய இம்மலை இலங்கையின் இரண்டாவது பெரிய சிகரமாகும். முன்னாளில் விடுதியாயிருந்த 'பார் இன்' என்னுமிடத்திலிருந்து ஏறத்தாழ 7 கிலோமீற்றர் நடக்கவேண்டும். தூரம் பெரிதன்று, பாதைதான் சோதனை.

புல்வெளி முடிந்ததும் குட்டை மரக்காடு தொடங்குகிறது. ஓயாத காற்றினால் கீனா மரங்கள் தலை தட்டையாகி, குடை விரித்தாற்போல் நிற்கின்றன. கிளைதோறும் பாசி. இங்கே பாதை ஒன்றன்று, பல. அவற்றை வகுத்தவை மரைகள். ஈரமண்ணில் அவை நாள்தோறும் நடந்த தடங்கள், மனிதர் வழியினும் தெளிவாகத் தோன்றுகின்றன. மரையின் கணக்கில் அதுவே நேர்வழி. அதற்குப் புல் வேண்டும், நீர் வேண்டும், சிகரம் எதற்கு?

மாசி மாதத்து நாளொன்றில் நாம் அறுவர் சென்றபோது, அத்தகைய தடமொன்று எம்மை உள்ளே அழைத்துச் சென்றது. அரைமணி நேரத்தில் குறுமூங்கிற் புதர் தோளை நெருக்கிற்று. நிலத்தில் குளம்படிகள் மட்டுமே இருந்தன. எமக்கு முன்னே ஒரு சப்பாத்தின் சுவடுகூட இல்லை. அவ்வேளையில் மூடுபனியும் ஏறிற்று. பத்தடி தொலைவில் நின்ற நண்பரின் முகம் மறைந்தது. கைத்தொலைபேசிகளில் தொடர்பு இல்லை.

கீழே எங்கேயோ நீரோசை கேட்டது.

"ஓடையைப் பிடித்து இறங்கினால் ஊர் வந்துவிடும், மாஸ்டர்" என்றார் எம்முடன் வந்த மாணவர்.

ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர் அவர் கையைப் பற்றி நிறுத்தினார். "ஓடை ஊருக்குப் போவது மெய்தான், தம்பி. போகிற வழியில் மலை முடிந்துவிடுமே!"

மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று கங்கைகளுக்கும் நீர் ஊட்டுவது இச்சமவெளி. ஆனால் அதன் தென்விளிம்பு மதில்போல் அறுந்து நிற்கிறது. உலக முடிவில் மாத்திரம் 800 மீற்றருக்கும் மேற்பட்ட வீழ்ச்சி. பனிக்குள் அவ்விளிம்பு கண்ணுக்குத் தெரியாது, காலுக்குத்தான் தெரியும்.

ஆகவே நாம் அங்கேயே அமர்ந்தோம். ரொட்டியும் சம்பலும் பங்கிட்டு உண்டோம். குளிர் எலும்பைத் தொட்டது, பேச்சும் குறைந்தது. ஒன்றரை மணி நேரத்தின் பின் பனி சற்று விலகியபோது, முன்னே இருக்கவேண்டிய சிகரம் வலப்புறத்தில் நின்றது! எமது சுவடுகளையே பார்த்துப் பார்த்துப் பின்னோக்கி நடந்தோம். பிரியும் இடத்தில், உண்மைப் பாதையின் குறுக்கே ஒரு மரம் சாய்ந்து, பன்னம் மூடிக் கிடந்தது. மலையேற நேரம் போதாமையால் திரும்பினோம்.

பட்டிப்பொலப் புகையிரத நிலையத்தில் மாணவர் ஆசிரியரின் தேசப்படத்தை வாங்கி, மலையிலிருந்து தெற்கே இறங்கும் நீரோடையொன்றை விரலால் தொடர்ந்தார். சமவுயரக் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட இடத்தில் விரல் நின்றது. படத்தை மடித்துக் கொடுத்துவிட்டு, எல்லோருக்கும் தேநீர் வாங்கிவரச் சென்றார்.