துக்ளகாபாத் யார்டின் ஓரத்தில்

சென்னையில் ரயிலேறி இரண்டு இரவுகளைக் கழித்து டெல்லிக்கு வந்த நம்மில் பலருக்குத் தலைநகரத்தின் முதல் தோற்றம் செங்கோட்டையன்று, துக்ளகாபாத் யார்டே. ஃபரீதாபாத் கடந்ததும் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு ஜன்னலண்டை வருவோம். பிரிந்தும் கூடியும் செல்லும் தண்டவாளங்கள், துருவேறிய சரக்கு வேகன்கள், 1970-இல் ஏற்பட்ட டீசல் இன்ஜின் ஷெட். அருகே, 1320-களில் கியாசுதீன் துக்ளக் கட்டி, சில ஆண்டுகளிலேயே ஆளற்றுப்போன கோட்டை. அந்தப் பெயரையே யார்டும் சுமக்கிறது.

வேதாகமக் கல்லூரியை முடித்து 1993-இல் நான் இந்நகரத்திற்கு வந்தபோது, ரயில்வே காலனியில் சேலத்தைச் சேர்ந்த பாயின்ட்ஸ்மேன் ஒருவரின் இல்லத்தில் வாரந்தோறும் குடும்ப ஜெபம் நடத்துவோம். வேகன்கள் மோதும் ஓசையில் ஜெபம் இடையிடையே தடைபடும். அவருடைய மனைவியோ, ஓசை நின்றால்தான் பயம் என்பார்கள். அதன் காரணத்தை அவருடைய வலக்கை காட்டியது. அதில் இரண்டு விரல்கள் இல்லை.

அந்நாட்களில் பல ஊர்களுக்குரிய வேகன்கள் ஒரே வண்டியில் கலந்து வரும். அவற்றைக் கழற்றி, ஊர்வாரியாகப் பிரித்து, புதிய வண்டிகளாகக் கோப்பதே யார்டின் வேலை. திருகு இணைப்புள்ள வேகன்களைக் கோக்க, இரு வேகன்களின் பஃபர்களுக்கு நடுவே ஒரு மனிதன் குனிந்து நுழைய வேண்டும். பனிமூட்டமுள்ள ஜனவரி இரவுகளிலும் அப்படியே. நடுவிலமைந்த தானியங்கி இணைப்பு பரவிய பின்னரே அந்த ஆபத்து பெரிதும் குறைந்தது.

ஆனால் நான் வருவதற்கு முன்னரே அவர்களுடைய வேலை சுருங்கத் தொடங்கியிருந்தது. 1980-களில் ரயில்வே, சில்லறை வேகன்களை விட்டு, புறப்படும் இடத்திலிருந்து சேருமிடம்வரை பிரியாமல் ஓடும் முழு வண்டிகளுக்கு மாறியது. சில்லறைச் சரக்கு லாரிகளுக்குப் போயிற்று. 1993-இல் துக்ளகாபாத்தில் கன்டெய்னர் டிப்போ திறக்கப்பட்டது. துறைமுகத்துப் பெட்டிகள் நேராக இங்கே வந்திறங்கின. 2021 ஜனவரி 7 அன்று, ஹரியானாவின் நியூ அடேலியிலிருந்து ராஜஸ்தானின் நியூ கிஷன்கட்டிற்கு, பெட்டியின்மேல் பெட்டி அடுக்கிய ஒன்றரைக் கிலோமீட்டர் நீள வண்டியே மின்சாரத்தில் ஓடியது. டீசலுக்கென்று எழுந்த துக்ளகாபாத் ஷெட்டிலும் இன்று மின்சார இன்ஜின்கள் நிற்கின்றன.

சேலத்துக்காரரின் மகன் இன்று அந்த டிப்போவை நம்பியே டிரெய்லர் லாரி ஓட்டிப் பிழைக்கிறான். தகப்பனின் வேலையை எடுத்துக்கொண்ட முறையே மகனுக்குச் சோறு போடுகிறது. இருவரும் அதைப்பற்றிப் பேசிக்கொள்வதில்லை என்பது என்னுடைய கவனிப்பு.

சென்ற குளிர்காலத்தில் பெரியவரை அழைத்துக்கொண்டு நிலையத்தின் நடைமேம்பாலத்தில் நின்றேன். காது மந்தமாகிவிட்டது, கண் தெளிவாயிருக்கிறது. கன்டெய்னர் வண்டியொன்று கீழே சென்றது. விரல் குறைந்த கையால் கம்பியைத் தட்டித் தட்டி எண்ணினார்.

“நாற்பத்தைந்து, பாஸ்டர்,” என்றார். “ஒன்றைக்கூட இங்கே கழற்ற வேண்டியதில்லை.”