சந்தா கட்டும் முன்

காவிரிப் படுகையில் ஓய்வு பெற்றவர் எந்தச் சங்கத்தில் சேர்வார் என்பதை அவருடைய வயது தீர்மானிப்பதில்லை. பார்த்த வேலைதான் தீர்மானிக்கிறது. மூத்த குடிமக்கள் என்ற பொதுப் பெயரில் நடக்கும் மன்றங்கள் தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் இல்லாமல் இல்லை. ஆனால் ஆள் கூடுவதும், வழக்குப் போடுவதும், தஞ்சை பனகல் கட்டடத்துக்கு முன்னால் வெயிலில் நின்று கோஷம் போடுவதும் ஓய்வூதியர் சங்கங்கள்தான். அரசு அலுவலர், ஆசிரியர், மின்வாரியம், போக்குவரத்து, ரயில்வே, அஞ்சல், தொலைபேசி, வங்கி என்று துறைக்கு ஒன்றாவது இருக்கும். சில துறைகளில் இரண்டும் மூன்றும் உண்டு. தெருவில் ஐந்து பென்ஷன்காரர் இருந்தால் ஐந்து சந்தா ரசீதுகள் இருப்பது இங்கே அதிசயமில்லை.

இத்தனை சங்கங்கள் இருப்பதற்குக் காரணம் ஒற்றுமைக் குறைவு மட்டும் என்று சொல்லிவிட முடியாது. பென்ஷன் வருகிற கல்லா ஆளுக்கு ஒன்று. வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவருக்கு மாவட்டக் கருவூலம் அல்லது சார் கருவூலம். அரசுப் பேருந்து ஓட்டியவருக்குக் கருவூலத்தோடு சம்பந்தமே இல்லை. 1972இல் சோழன் போக்குவரத்துக் கழகமாகத் தொடங்கி இன்று கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் கழகத்தில் வேலை பார்த்தவருக்கு, போக்குவரத்து ஊழியர்களுக்கென்று உள்ள ஓய்வூதிய நிதி அறக்கட்டளையிலிருந்து பணம் வருகிறது. மற்ற அரசு ஓய்வூதியர்களுக்கு அகவிலைப்படி ஏறிக்கொண்டே இருந்த காலத்தில், போக்குவரத்து ஓய்வூதியர்களுக்கு அது பல ஆண்டுகள் நின்றுபோய்க் கிடந்ததற்கு இந்தக் கல்லா வேறுபாடுதான் அடிப்படை. குருங்குளம் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தவர் நிலை இன்னும் வேறு. அவருக்கு வருங்கால வைப்பு நிதியின் 1995ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டம். 2014 செப்டம்பர் முதல் அதில் குறைந்தபட்சத் தொகை மாதம் 1,000 ரூபாய். மண்டல அலுவலகம் திருச்சியில். இந்த மூவரும் ஒரே சங்கத்தில் உட்கார்ந்தால் ஒருவர் பிரச்சினை மற்றவருக்குப் புரியவே ஒரு கூட்டம் போய்விடும்.

ஆகவே சங்கம் தேடுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது தம் ஓய்வூதியக் கொடுப்பாணையில் உள்ள விவரங்களை. யார் வழங்குகிறார்கள், எந்த விதிப்படி, எந்த ஊதியக் குழுவின் கணக்குப்படி என்பதை அந்தத் தாள் சொல்லும். அதே கல்லாவோடு மல்லுக்கு நிற்கிற சங்கம் எதுவோ, தேவை என்ற அளவில் அதுவே பொருத்தமான சங்கம். இதில் பெரிதாக யோசிக்க ஒன்றுமில்லை. யோசிக்க வேண்டியதெல்லாம் அதற்கு அப்பால்தான் இருக்கிறது.

சங்கங்கள் செய்துவரும் வேலையை இரண்டு தட்டில் வைக்கலாம். ஒன்று உரிமை. ஆண்டுதோறும் டிசம்பர் 17ஆம் தேதி ஓய்வூதியர் தினம் கொண்டாடுகிறார்கள். 1982இல் அந்த நாளில்தான் நகரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பாதுகாப்புத் துறையில் நிதி ஆலோசகராக இருந்து ஓய்வு பெற்ற டி.எஸ்.நகரா தொடுத்த வழக்கு அது. 1979 மார்ச் 31க்கு முன் ஓய்வு பெற்றவருக்குப் பழைய கணக்கு, அதற்குப் பின் ஓய்வு பெற்றவருக்குப் புதிய கணக்கு என்று பிரித்தது செல்லாது என்றது ஐந்து நீதிபதிகள் அமர்வு. ஓய்வூதியம் கருணைத் தொகை கிடையாது, செய்த வேலைக்கு உரிய உரிமை என்பது அந்தத் தீர்ப்பால் நிலைபெற்றது. சங்க மேடைகளில் இந்தத் தீர்ப்பைச் சொல்லாத பேச்சாளர் அரிது. சில பேச்சாளர்கள் அதற்குப் பிறகு நடந்த எதையும் சொல்வதில்லை என்பதும் உண்டு.

இன்னொன்று அன்றாடம். உயிரோடு இருப்பதைக் காட்டும் ஆண்டு நேர்காணலுக்குக் கருவூலத்துக்குப் போக முடியாதவருக்கு வழி சொல்வது, 2014 நவம்பரில் வந்த மின்னணு ஆயுள் சான்றில் கைரேகை பதியாத முதியவருக்கு வேறு ஏற்பாடு செய்வது, முன்கூட்டியே மொத்தமாகப் பணம் வாங்கிக்கொண்டு ஒப்படைத்த ஓய்வூதியப் பகுதி 15 ஆண்டு முடிந்ததும் திரும்பச் சேர்ந்ததா என்று பார்ப்பது, 80 வயது நிறைந்தால் கூடுதலாகச் சேர வேண்டிய 20 சதவீதத்தை விண்ணப்பித்து வாங்கித் தருவது. நாற்று நட்ட பல தலைமுறைக் கைகளில் ரேகையே தேய்ந்துபோயிருக்கும் ஊரில் கைரேகை இயந்திரத்தை நம்பி ஒரு திட்டம் வந்தால், சங்கச் செயலாளர் என்று ஒருவர் தேவைப்படத்தானே செய்வார். நல்ல கிளைச் செயலாளர் என்று ஊரில் பேர் வாங்கியவர்கள் பெரும்பாலும் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவர்கள். மேடைப் பேச்சு வராது, ஆனால் எந்த அரசாணை எந்த ஆண்டு வந்தது என்பது மனப்பாடமாக இருக்கும். சேரும் முன் அப்படி ஒருவர் கிளையில் இருக்கிறாரா என்று விசாரிப்பது, மாநிலத் தலைவர் யார் என்று விசாரிப்பதைவிடப் பயன் தரும்.

மருத்துவம் தனிக்கதை. மாநில அரசு ஓய்வூதியருக்கு மாதாமாதம் பிடித்தம் செய்து நடத்தும் மருத்துவக் காப்பீடு. மத்திய அரசு ஓய்வூதியருக்குச் சுகாதாரத் திட்ட மையம் திருச்சியில் இருக்கிறது. தஞ்சையிலோ மயிலாடுதுறையிலோ இருந்துகொண்டு அங்கே மாதந்தோறும் மாத்திரை வாங்கப் போவது வயதானவருக்கு ஒரு நாள் வேலை. அது வேண்டாம் என்பவருக்கு மாதம் 1,000 ரூபாய் மருத்துவப்படி. ரயில்வேக்காரருக்குப் பொன்மலை மருத்துவமனை. முன்னாள் படைவீரருக்குத் தனித் திட்டம். காப்பீட்டில் பணம் கட்டாமல் சிகிச்சை என்று எழுத்தில் இருந்தாலும், மருத்துவமனை வாசலில் முன்பணம் கேட்கும்போது கைபேசியில் கூப்பிட ஓர் ஆள் இருக்கிறாரா என்பதே சங்கத்தின் மதிப்பு. அந்த அழைப்பு பெரும்பாலும் இரவில்தான் போகும்.

பழைய தஞ்சாவூர் மாவட்டம் பிரிந்த கதையும் இதில் குறுக்கிடுகிறது. 1991இல் நாகப்பட்டினமும், 1997இல் திருவாரூரும், 2020இல் மயிலாடுதுறையும் தனி மாவட்டங்களாயின. கருவூலக் கோப்புகள் பிரிந்தன, சங்கக் கிளைகளும் பிரிந்தன. ஆனால் அனுபவமுள்ள நிர்வாகிகள் தஞ்சையிலேயே தங்கிவிட்டனர். சீர்காழிப் பக்கத்துக்காரர் தம் வட்டக் கிளையில் சேர்வதா, பழக்கமான தஞ்சைக் கிளையிலேயே தொடர்வதா என்றால், மனு எந்த அலுவலகத்துக்குப் போகிறதோ அந்த ஊர்க் கிளையே நல்லது. ஆட்சியர் நடத்தும் குறைதீர் கூட்டத்தில் அந்தந்த மாவட்டக் கிளை போய் உட்கார்ந்தால்தான் மனு நகரும்.

கொள்கைப் பொருத்தம் என்பது இதற்குப் பிறகு வருகிற கேள்வி. பணியில் இருந்தபோது இருந்த தொழிற்சங்கக் கட்சிகள் ஓய்வுக்குப் பிறகும் கூடவே வருகின்றன. ரயில்வேயிலும் தொலைபேசியிலும் இது வெளிப்படை. தொலைபேசித் துறையில் இரண்டு பெரிய அகில இந்தியச் சங்கங்கள் உள்ளன. 2017 முதல் கிடைக்க வேண்டிய ஓய்வூதிய மாற்றத்தை எந்த வழியில், எந்த விகிதத்தில் கேட்பது என்பதில் சங்கங்களுக்குள் ஒரே கருத்து இருந்ததில்லை. மாநில அரசுத் துறைகளிலும் ஆளும் கட்சியோடு அனுசரித்துப் போவது சிறந்தது என்பவர்களும், தெருவில் இறங்கினால்தான் நடக்கும் என்பவர்களும் தனித்தனிப் பலகை மாட்டியிருக்கிறார்கள். இரண்டு வழியிலும் காரியம் நடந்த காலங்கள் உண்டு. எது சரி என்பதைவிட, எந்த வழி தமக்கு உறுத்தாமல் இருக்கும் என்று பார்ப்பதே நடைமுறை. ஆர்ப்பாட்டத்தில் நிற்கக் கூசுகிறவர் போராட்டச் சங்கத்தில் சேர்ந்தால் இரண்டாம் மாதமே வருவதை நிறுத்திவிடுவார்.

கட்சி பிரிவது இந்தப் படுகைக்குப் புதிதில்லை. திருவையாற்றில் தியாகராஜ ஆராதனையையே பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று இரண்டாக நடத்தியவர்கள் இங்கே இருந்தார்கள். இரண்டிலும் பெண்களுக்கு இடமில்லை. தியாகராஜர் சமாதியைக் கட்டியெழுப்பிய பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாளே பெண்களைக் கூட்டித் தனியாக ஆராதனை நடத்த வேண்டியிருந்தது. 1940களின் தொடக்கத்தில்தான் எல்லாம் ஒரே சபையாயின. ஓய்வூதியர் சங்கத்தை எடைபோட இந்த வரலாறு ஒரு கல் தருகிறது: குடும்ப ஓய்வூதியருக்கு அங்கே என்ன இடம்?

கணவர் இறந்தபின் குடும்ப ஓய்வூதியம் வாங்கும் பெண்மணிக்குத்தான் சங்கத்தின் உதவி மிகுதியாகத் தேவை. கொடுப்பாணையில் பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கும். பிறந்த தேதிக்குச் சான்று இருக்காது. உயர்த்திய விகிதத்தில் வரும் தொகை சில ஆண்டுகளில் குறையும் என்பதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். குறைந்த மாதத்தில் யாரோ ஏமாற்றிவிட்டதாக நினைத்துத் தவிப்பார். மாநில அரசு ஓய்வூதியர் இறந்தால் குடும்பப் பாதுகாப்பு நிதியிலிருந்து வர வேண்டிய 50,000 ரூபாய், நியமனப் படிவம் சரியில்லாமல் தேங்கிக் கிடக்கும். இந்த வேலைகளைச் செய்யும் சங்கம் எந்தக் கொடி பிடித்தாலும் நல்ல சங்கம் என்றே கொள்ளலாம். துணைவிதியை வாங்கிப் படித்தால் குடும்ப ஓய்வூதியர் வாக்குரிமையுள்ள முழு உறுப்பினரா, வெறும் இணை உறுப்பினரா என்பது தெரியும். பொதுக்குழுவுக்குப் போய்ப் பார்த்தால் பெண்கள் முன் வரிசையில் இருக்கிறார்களா, காபி கொடுக்கும் பக்கம் இருக்கிறார்களா என்பதும் தெரியும். இதேபோல் இன்னொன்று: 2003 ஏப்ரல் 1 முதல் மாநில அரசுப் பணியில் சேர்ந்தவர்கள் பழைய ஓய்வூதியத் திட்டத்துக்கு வெளியே வைக்கப்பட்டவர்கள். பழைய திட்டத்தில் சுகமாக இருக்கும் சங்கம் இவர்களுக்காகத் தீர்மானம் போடுகிறதா என்பதிலும் அதன் குணம் தெரிந்துவிடும்.

கணக்கு வழக்கைப் பற்றிக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன்படிப் பதிந்த சங்கம் ஆண்டுப் பொதுக்குழு கூட்ட வேண்டும், வரவு செலவைத் தணிக்கை செய்து மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். ஆயுள் சந்தா, கட்டட நிதி, வழக்கு நிதி, மாநாட்டு நன்கொடை என்று தனித்தனியாக வசூலிக்கும்போது ஒவ்வொன்றுக்கும் ரசீது வருகிறதா என்று பார்ப்பது போதும். அகவிலைப்படி நிலுவை வாங்கித் தருகிறோம், அதில் இத்தனை பங்கு கொடுங்கள் என்று கேட்கும் சங்கத்தை விட்டு விலகியிருப்பது நல்லது. சங்கம் என்ற பெயரில் வைப்புத் தொகை கேட்டால் எழுந்து வந்துவிட வேண்டும். கும்பகோணத்தில் நிதி நிறுவனங்களுக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட மரபு உண்டு என்பது வேறு விஷயம்.

சங்கத்துக்குப் பணம் எங்கிருந்து வருகிறது, அதனால் அது யார் பக்கம் நிற்கிறது என்ற சிக்கல் உலகப் பொது. அமெரிக்காவில் ஓய்வு பெற்ற ஆசிரியர்களுக்கு மருத்துவக் காப்பீடு கிடைக்காத நிலையில், எத்தல் பெர்சி ஆண்ட்ரஸ் என்ற ஆசிரியை 1947இல் ஒரு சங்கம் தொடங்கினார். 1958இல் அதைத் தொடர்ந்து எல்லாத் துறையினருக்குமாக அவர் உருவாக்கிய அமைப்பு இன்று மூன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட உறுப்பினர்களோடு நிற்கிறது. உறுப்பினர் சந்தாவைவிட, காப்பீட்டு நிறுவனங்கள் அதன் பெயரைப் பயன்படுத்தத் தரும் தொகை பெரிது. அதனால் அது யார் பக்கம் என்ற கேள்வி அங்கே ஓயாமல் எழுகிறது. அரசியல் நிலைப்பாடு பிடிக்காதவர்கள் 2007இல் போட்டிச் சங்கம் தொடங்கினார்கள். தஞ்சைச் சங்கங்களின் மாதச் சந்தா சிறியது, காப்பீட்டு விளம்பரமும் பெரிதாக இல்லை. ஏழ்மையில் இப்படி ஒரு வசதி இருக்கிறது.

மேலே சொன்னதெல்லாம் பென்ஷன் உள்ளவர்களுக்கு. படுகையில் அறுபதைத் தாண்டியவர்களில் பலருக்கு அது கிடையாது. வயலில் வேலை செய்து மூத்தவர்களுக்கு, 1962இல் தொடங்கி இன்று மாதம் 1,200 ரூபாயாக இருக்கும் முதியோர் உதவித்தொகைதான். அவர்களுடைய சங்கம் விவசாயத் தொழிலாளர் சங்கம். பண்ணையாட்களுக்குத் தண்டனையாகத் தந்த சவுக்கடிக்கும் சாணிப்பாலுக்கும் 1944இல் மன்னார்குடியில் முடிவு கட்டிய ஒப்பந்தத்தைப் பெற்றுத் தந்த மரபு அதற்கு. இன்றும் உதவித்தொகை திடீரென நின்றுபோனால் வட்டாட்சியர் அலுவலகத்தில் போய் நிற்பது பெரும்பாலும் அந்தச் சங்கத்துக் கிளைச் செயலாளர்தான். சிறு நிலம் உள்ளவருக்கு விவசாயிகள் சங்கம். காவிரிச் சிக்கலை 1983இல் உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோய், 1990இல் நடுவர் மன்றம் அமையக் காரணமானது இப்படிப்பட்ட ஒரு சங்கமே. மகன் சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு கைவிட்டால் இந்தச் சங்கங்கள் எதுவும் பெரிதாக உதவாது. அதற்கு 2007ஆம் ஆண்டு பெற்றோர் பராமரிப்புச் சட்டப்படிக் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்க வேண்டும். பராமரிப்பதாகச் சொல்லி எழுதி வாங்கிய தானப் பத்திரத்தை ரத்து செய்யவும் அதில் வழி உண்டு. 14567 என்ற எண்ணில் கேட்டால் விவரம் சொல்வார்கள்.

பணமும் மனுவும் வேண்டாம், பேச்சுத் துணை போதும் என்பவருக்கு ஓய்வூதியர் சங்கம் ஏமாற்றமே தரும். அங்கே பேச்சு முழுக்க அகவிலைப்படி. அப்படிப்பட்டவருக்கு 1911இல் தோன்றிய கரந்தைத் தமிழ்ச் சங்கம் போன்ற இலக்கிய அமைப்போ, நூலக வாசகர் வட்டமோ, கோயில் உழவாரக் குழுவோ, காலை நடைக்கூட்டமோ பொருந்தும். இரண்டிலும் இருப்பவர்கள் பலர். மாதத்தில் ஒரு நாள் அங்கே, மற்ற நாள் இங்கே. கூடும் இடம் மாடியிலா தரைத்தளத்திலா, கூட்டம் முடிந்தபின் ஊருக்குக் கடைசிப் பேருந்து உண்டா என்ற இரண்டும் எழுபதுக்கு மேல் எல்லாக் கொள்கையையும் மிஞ்சிவிடும்.

பிள்ளைகளோடு சென்னைக்கோ பெங்களூருக்கோ குடிபெயரும்போது கிளை மாற்றக் கடிதம் வாங்கிக்கொள்வதும், கருவூலக் கணக்கை மாற்றுவதா இங்கேயே வைப்பதா என்று செயலாளரிடம் கேட்டுக்கொள்வதும் வழக்கம். மாற்றாமல் வைத்திருப்பவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை நேர்காணலைச் சாக்காக வைத்து ஊருக்கு வந்து, நிலுவைச் சந்தாவைக் கட்டிவிட்டுப் போகிறார்கள்.