வேதாளம் கேட்ட கேள்வியும் நான் திருத்திய விடையும்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை மாலை ஒரு பெண் மகனோடு வாசலில் வந்து நின்றாள். மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய தொடக்கப் பள்ளியில் 1997-ல் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவள். "பையனுக்கு ஒரு வேதாளம் கதையைக் குடுத்து, அதுல இருக்கற மொழிக் கூறுகளை எழுதிட்டு வரச் சொல்லியிருக்காங்க சார். நீங்கதான் சொல்லித் தரணும்" என்றாள்.

வேதாளம் என்றதும் எனக்கு அம்புலிமாமா நினைவுதான் வந்தது. நாகிரெட்டியும் சக்கரபாணியும் 1947 ஜூலையில் தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கிய இதழ். தோளில் பிணமும் கையில் வாளுமாக நடக்கும் ராஜாவை வரைந்த ஓவியர் சங்கர் 2020-ல்தான் மறைந்தார். கதை அதைவிட மிகப் பழையது. 11-ஆம் நூற்றாண்டில் சோமதேவர் எழுதிய கதாசரித்சாகரத்திலேயே 25 வேதாளக் கதைகள் உண்டு. அம்புலிமாமாக்காரர்கள் அந்த 25-ஓடு நிற்காமல் புதிது புதிதாகச் சொல்லிக்கொண்டே போனார்கள்.

பையனை உட்கார வைத்துச் சொன்னேன். "தம்பி, முதல்ல வினையெச்சத்தைப் பாரு. மரத்தில் ஏறி, பிணத்தை இறக்கி, தோளில் சுமந்து, நடந்தான். எத்தனை வேலை! ஆனா முற்று ஒண்ணே ஒண்ணு, நடந்தான். அதனாலதான் கதை நிக்காம ஓடுது. அடுத்து, ஒவ்வொரு கதையும் ஒரே மாதிரி தொடங்கி ஒரே மாதிரி முடியும். கேக்கற குழந்தைக்கு அது பழகின வாசப்படி. மூணாவதுதான் முக்கியம். விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிச்சிடும். அந்த 'தெரிந்தும்'-ல இருக்கற 'உம்', 'விட்டால்'-ல இருக்கற 'ஆல்'. ராஜா மாட்டிக்கிட்டது இந்த ரெண்டு ஒட்டுலதான். பேசினா வேதாளம் பறந்துடும். பேசாட்டி தலை போயிடும்."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்குப் பேச்சு நின்றுவிட்டது.

1997-ல் இதே வினையெச்சப் பாடத்தை நடத்திவிட்டு, "உங்க வீட்டில் நடப்பதை வைத்து ஒரு வாக்கியம் சொல்லுங்கள்" என்றேன். எப்போதும் வாய் திறக்காத இந்தப் பிள்ளை எழுந்தாள். "எங்கப்பா இருட்டோட எழுந்து, பாத்தியக் காலால மிதிச்சி, தண்ணி கட்டி, உப்ப வாரி, கரையில குமிச்சி வெச்சிட்டு வருவாரு சார்."

வரிசையாக எச்சங்கள், ஒரு முற்று. ஒரு நாள் உழைப்பு முழுவதும் ஒரே வாக்கியத்தில். நான் என்ன செய்தேன் தெரியுமா? "மிதிச்சி இல்லை, மிதித்து. தண்ணி இல்லை, தண்ணீர். குமிச்சி இல்லை, குவித்து. ஒழுங்காகச் சொல்" என்றேன். வகுப்பே சிரித்தது. அவள் உட்கார்ந்தாள். அந்த வருடம் முடியும்வரை எழுந்திருக்கவே இல்லை.

பயிற்சிப் பட்டயம் வாங்கியவன் நான். பிள்ளையின் வீட்டுமொழியிலிருந்துதான் பாடமொழிக்குப் பாலம் போட வேண்டும் என்று தேர்வில் எழுதித் தேறியவன். வகுப்பில் அந்தப் பாலத்தை நானே உடைத்தேன். விடை தெரிந்த பிள்ளைக்குப் பேசினாலும் ஆபத்து, பேசாவிட்டாலும் ஆபத்து என்று ஆக்கிவிட்டேன்.

"அன்னைக்கு நீ சொன்ன வாக்கியம் சரிதாம்மா. நான்தான் தப்பு" என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தாள். "இன்னும் ஞாபகம் வெச்சிருக்கீங்களா சார்?" என்றாள். பிறகு, "எனக்கும் மறக்கல."

பையனிடம், "தாத்தா உப்பளத்துல என்ன செய்வார், நீ சொல்லு" என்றேன். அவன் அம்மாவின் முகத்தைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். 'மிதிச்சி', 'குமிச்சி' எல்லாம் வரிசையாக வந்தன. நடுவில் ஒரு சொல்லைக்கூட நான் தொடவில்லை. முடித்த பிறகு, "இதையே நோட்டில் எழுதும்போது எப்படி எழுதுவாய்?" என்று கேட்டேன். 'மிதித்து', 'குவித்து' என்று அவனே மாற்றி எழுதினான். நான் திருத்த ஒன்றுமே இருக்கவில்லை.

இன்று வகுப்பில் நிற்கும் இளைய ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை முதலில் சொல்லி முடிக்கட்டும். எழுத்துத் தமிழ் அதற்குப் பிறகு வரலாம்.