பூக்காரி மீது சுமத்திய பழி

வெள்ளிக்கிழமை பூஜைக்காக வியாழன் மாலையே பன்னீர் ரோஜா வாங்கி வைப்பது நம் வீட்டு வழக்கம். சில மாதங்களுக்கு முன் ஒரு வெள்ளியன்று விடியற்காலையில் பார்த்தால், தாம்பாளத்தில் காம்புகள் ஒருபுறம், இதழ்கள் ஒருபுறம்! "பழைய பூவை நம் தலையில் கட்டிவிட்டாள்" என்று இல்லாள் தீர்ப்பளித்தாள். நாமும், பட்டம் பெற்ற உபாத்தியாயர் என்ற மிடுக்குடன், பூக்காரக் கிழவியைக் கடிந்துகொண்டோம். "காலையிலே பறிச்ச பூ, சாமி" என்றாள் அவள். நாம் நம்பவில்லை. அதற்குப் பின் அவள் நம் வாசலில் நிற்பதேயில்லை.

இதை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவன் எழுந்து, "பழைய பூவானால் இதழ் வாடியிருக்க வேண்டுமே, ஸார்?" என்று கேட்டான். உண்மைதான், உதிர்ந்த இதழ்கள் பட்டுப்போலத்தான் இருந்தன. பதில் சொல்ல வகையறியாமல் புத்தகங்களைப் புரட்டலானோம்.

அறிந்துகொண்ட விஷயம் இது. இதழின் ஒவ்வோர் உயிரணுவைச் சுற்றியும் செல்லுலோஸ் நார்களாலான சுவர் உண்டு. அச்சுவர் நெகிழ்ந்து கொடுத்தாலன்றி மொட்டு விரியாது. நெகிழ்த்தும் புரதங்களில் முக்கியமானது எக்ஸ்பான்ஸின். அமெரிக்காவில் வெள்ளரி நாற்றின் தண்டிலிருந்து அதைப் பிரித்தெடுத்து, 1992-ல் உலகுக்கு அறிவித்தார்கள். அதைச் செய்வதற்கான கட்டளை மரபணுக்களில் பொதிந்திருக்கிறது.

இதழின் அடியிலோ சில வரிசை உயிரணுக்கள், பெக்டின் என்னும் பசையால் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன. எதிலீன் என்ற வாயு பட்டதும் அப்பசையைக் கரைக்கும் புரதங்கள் அங்கே உண்டாகின்றன. நம் நாட்டிலேயே, லக்னோ நகரிலுள்ள தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிலையத்தார், பன்னீர் ரோஜாவுக்கு உறவான போர்பன் ரோஜாவை எதிலீனில் வைத்து ஆராய்ந்தார்கள். இதழ் கழலும் இடத்தில் எக்ஸ்பான்ஸின் மரபணு ஒன்றும் விழித்தெழுந்து வேலை செய்யக் கண்டார்கள். என்ன விந்தை! மொட்டை மலர்த்தும் புரதக் குடும்பமே இதழைக் கழற்றவும் துணை நிற்கிறது. ஆகவே உதிர்வது வேறு, வாடுவது வேறு. புத்தம்புதிய பூவும் எதிலீன் பட்டால் உதிரும்.

நம் பூஜையறைக்கு எதிலீன் எப்படி வந்தது? கனியும் வாழைப்பழம் அவ்வாயுவை வெளியிடுகிறது. அன்றிரவு ரோஜாவின் அருகே கனிந்த பழச்சீப்பை வைத்து, எலிக்குப் பயந்து பெரிய பாத்திரத்தால் கவிழ்த்து மூடியவர்கள் நாமே அல்லவா? மறுவாரம் வேறிடத்தில் பூ வாங்கி, பழத்தைச் சமையலறையில் வைத்தோம். காலையில் ஓர் இதழ்கூட உதிரவில்லை.

அன்று மாலையே கிழவியைத் தேடிக் கோயில் வாசலுக்குச் சென்றோம். நாம் சொன்ன வாயுவும் புரதமும் அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ நான் கொடுத்தது காலையிலே பறிச்ச பூதானே, சாமி?" என்று மட்டும் கேட்டாள்.

"ஆம், அம்மா. தவறு எங்களுடையது" என்றோம்.

அடுத்த வியாழனன்று நம் வாசலில் பழைய குரல் கேட்டது.